மழைப் பந்தயமும் வர்ணனையும்: யாருக்கு எவ்வளவு பாராட்டு?

2024 நவம்பர் 3. பிரேசிலின் இன்டர்லாகோஸ் தளத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 17ஆவது இடத்திலிருந்து கிளம்பிய மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், மழையில் நனைந்த பாதையில் ஓட்டி முதலாவதாக வந்தார். நம் நேரப்படி இரவு ஒன்பதை ஒட்டித் தொடங்கிய பந்தயம் அது. காரைக்கால் கரையோரக் கருக்களாச்சேரியில் கைப்பேசியில் பார்த்த இளைஞர்களிடையே மறுநாளும் வாக்குவாதம் ஓயவில்லை. "மழையில ஓட்டுறதுக்குன்னே பொறந்தவன்டா அவன்" என்றது ஒரு கட்சி. "செவப்புக் கொடி மட்டும் விழலன்னா தெரிஞ்சிருக்கும்ணே" என்றது இன்னொன்று. இரு கட்சியும் எடுத்துக்காட்டியது ஆங்கில வர்ணனையாளர்கள் சொன்னதைத்தான். மழைப் பந்தயத்தில் நம் கருத்தை எந்த அளவுக்கு வர்ணனை செதுக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

முதலில் வர்ணனையின் பலத்தைச் சொல்ல வேண்டும். மழைப் பந்தயத்தில் கண்ணுக்குக் கிடைப்பது குறைவு. முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்த்திவலையில் பின்னால் வருபவை மறைந்துவிடுகின்றன. வெயிலில் எல்லாரும் ஓடி ஓடி டயர் ரப்பர் படிந்த தடம்தான் நல்ல பிடிமானம் தரும். ஈரமானதும் அதே தடம் வழுக்குகிறது. அதனால் தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவின் வெளிப்புறமாகச் சுற்றிப் போகிறார்கள். வெள்ளைக் கோட்டில் சக்கரம் ஏறினால் கார் சுழலும். இதையெல்லாம் யாராவது சொன்னால்தான் புரியும்.

சென்னையின் கருண் சந்தோக் இதில் கைதேர்ந்தவர். 2010இல் எச்ஆர்டி அணிக்கு ஓட்டியவர். பிறகு பிரிட்டிஷ் ஒளிபரப்பில் விமர்சகரானார். ஓட்டுநர் எங்கே பிரேக்கை விட்டார், எங்கே தடம் மாறினார் என்று திரையில் நிறுத்திக் காட்டும்போது, பார்ப்பவருக்குப் பந்தயமே வேறாகத் தெரிகிறது. அந்த இருக்கையில் உட்கார்ந்தவரின் அறிவு அது. ஓட்டுநராக இருந்து வர்ணனையாளரான மார்ட்டின் பிரண்டிலும் அப்படியே.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. மழை வந்ததும் வர்ணனையாளர்களின் குரல் உயர்கிறது. பந்தயம் திறமையின் அக்னிப் பரீட்சையாகிவிடுகிறது. மழை எல்லாக் கார்களையும் சமமாக்கிவிடும், நிஜமான வீரன் யாரென்று காட்டிவிடும் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. அது பாதி உண்மைதான். 1993 டோனிங்டனில் ஐர்ட்டன் சென்னா முதல் சுற்றிலேயே ஐந்தாவது இடத்திலிருந்து முன்னணிக்கு வந்ததை இன்றும் வியந்து பேசுகிறோம். அதே பந்தயத்தில் அலைன் பிராஸ்ட் டயர் மாற்ற ஏழு முறை பிட்டுக்குள் வந்து போனதை எத்தனை பேர் சொல்கிறோம்? எப்போது டயர் மாற்றுவது என்ற தீர்மானம், ஓட்டும் கைகளுக்கு நிகரான பங்கு வகிக்கிறது. கனமழைக்கான ஃபுல் வெட் டயர் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 85 லிட்டர் நீரை விலக்கும். லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் சுமார் 30 லிட்டர்தான். தவறான டயரில் இருப்பவரிடம் வீரம் பேசிப் பயனில்லை.

இன்டர்லாகோஸையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். முன்னணியில் இருந்த நோரிஸும் ரஸ்ஸலும் டயர் மாற்றப் பிட்டுக்குள் போனார்கள். ஓகானும் வெர்ஸ்டாப்பனும் காஸ்லியும் வெளியிலேயே இருந்தார்கள். கோலபின்டோ மோதிச் சிவப்புக் கொடி விழுந்து பந்தயம் நிறுத்தப்பட்டதும், நேரம் இழக்காமலே டயர் மாற்றும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைத்தது. இதில் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் அதற்கு முன்பே வெர்ஸ்டாப்பன் பல கார்களைக் கடந்து வந்ததும், பின்னர் ஓகானையும் கடந்து 19 விநாடி இடைவெளியில் முடித்ததும் அதிர்ஷ்டக் கணக்கில் சேராது. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுச் சொல்லியிருந்தால் ரசிகர்களின் சண்டைக்குப் பொருளும் பயனும் கூடியிருக்கும்.

இரண்டாவது குறை, முன்வரிசையையே துரத்தும் பழக்கம். 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். தமிழ்நாட்டு ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் எச்ஆர்டி கார் அதற்கு முந்தைய வாரம் மெல்போர்னில் தகுதி நேரத்தைக்கூட எட்டவில்லை. மலேசியாவில் கடைசி வரிசையில் நின்றது. பலரும் இன்டர்மீடியட்டில் தொடங்க, அவர் ஃபுல் வெட்டில் தொடங்கினார். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதும் மற்றவர்கள் டயர் மாற்ற ஓடினார்கள். பந்தயம் நிறுத்தப்பட்டபோது நரேன் பத்தாவது இடத்தில் இருந்தார். பிறகு முன்னணி ஓட்டுநர் பட்டன் அவர் மீது மோதி முன் இறக்கையை இழந்தார். இன்னொரு முன்னணி ஓட்டுநரான வெட்டலுடன் ஏற்பட்ட மோதலுக்காக நரேனுக்கு 20 விநாடி தண்டனை கிடைத்தது. வெட்டல் ஆத்திரத்தில் வீசிய ஏளனச் சொல் உலகமெங்கும் போனது. பத்தாவது இடம் அடிக்குறிப்பாகிவிட்டது.

இங்கே நாமும் நேர்மையாக இருக்க வேண்டும். நரேனின் பத்தாவது இடத்துக்கும் டயர்த் தேர்வே பெரும்பங்கு. வெர்ஸ்டாப்பனுக்கு வைக்கும் அளவுகோலை நம்மவருக்கும் வைப்பதே முறை. ஆனால் தரையோடு அழுத்தும் காற்றுவிசை குறைந்த காரை, தண்ணீர் தேங்கிய பாதையில் அத்தனை சுற்றுகள் சுழலவிடாமல் ஓட்டியது சாதாரண வேலையல்ல. பின்வரிசைக் காரில் மழையில் ஓட்டுவது எத்தகைய பாடு என்பதை விளக்க அன்று அருமையான வாய்ப்பு இருந்தது. அது நழுவிவிட்டது.

மூன்றாவது குறையே ஆபத்தானது: பொறுமையின்மை. 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் மழையால் மணிக்கணக்கில் காத்திருந்து, சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்றுகள் மட்டும் ஓடிப் பாதிப் புள்ளிகள் வழங்கியபோது ரசிகர்கள் கொதித்தது நியாயமே. ஆனால் "ஓட்டவிடுங்கள்" என்ற முழக்கத்தோடு வர்ணனையும் சேர்ந்துகொண்டால் 2014 சுசூகா மறந்துபோகும். அங்கே மழையில் பாதை விலகி, மீட்பு வண்டியில் மோதிய ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கி 2015 ஜூலையில் உயிரிழந்தார். சென்னைக்கும் இது அந்நியமல்ல. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போன தீவுத்திடல் இரவுப் பந்தயம், 2024 ஆகஸ்ட் 31 அன்றும் மழையால் தாமதமானது. சுவர்களுக்கு நடுவே 3.5 கிலோமீட்டர் சாலைத் தடம். பாதுகாப்புச் சான்று கிடைக்கும்வரை காத்திருப்பதே சரி. ஏன் காத்திருக்கிறோம் என்பதைப் பார்வையாளருக்குப் புரியவைப்பதும் வர்ணனையின் கடமை.

கடலுக்குப் போய் வந்தவரிடம் கருக்களாச்சேரியில் முதலில் கேட்பது, காற்று வாடையா கச்சானா, நீரோட்டம் எப்படி என்பதைத்தான். துணிச்சலைப் பற்றிய பேச்சு அப்புறம். மழைப் பந்தய வர்ணனைக்கு வேண்டியதும் இந்த வரிசையே. எந்த டயர், எப்போது மாற்றினார், எதிரே எவ்வளவு தெரிந்தது, அவர் கார் எந்த நிலையில் இருந்தது: இவற்றைச் சொன்ன பிறகு வரும் பாராட்டுக்குத்தான் மதிப்பு.

கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் நல்ல தமிழ் வர்ணனையாளர்கள் வந்துவிட்டார்கள். ஃபார்முலா ஒன்னுக்கு இருவரை அனுப்பிய தமிழ்நாட்டில், தடத்தில் நின்ற அனுபவமும் தமிழும் சேர்ந்த ஒரு குரல் வேண்டும். அது உணர்ச்சியை இழக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லிவிட்டு வியந்தால் போதும். நம் இளைஞர்களின் வாக்குவாதமும் அதற்கேற்ப உயரும்.