ஏழுக்கு ஏழு: மேத்யூ வாக்கரும் எங்கள் வீட்டுத் தூக்கமும்

மேத்யூ வாக்கரின் 'ஒய் வீ ஸ்லீப்' (2017) நூலைப் போன வருடம் அக்காவிடம் கொடுத்தது நான்தான். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஏழுக்கு ஏழு ஷிப்ட் அவளுக்கு. சில வாரம் பகல், சில வாரம் இரவு. பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான் தம்பி. படிச்சதுல இருந்து பயத்துலயே தூக்கம் வரல."

பயமுறுத்தும் புத்தகம்தான். தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் போகும், இதயம் கெடும், எதிர்ப்புச் சக்தி சரியும் என்று அத்தியாயம் அத்தியாயமாக அடுக்குகிறார். எல்லாம் பொய்யில்லை. இரவு ஷிப்ட் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் அதையே உறுதிப்படுத்தியது. வாக்கர் அதற்கும் மேலே போய்க் கூட்டிச் சொல்கிறார். 2019-இல் அலெக்ஸி குசே என்பவர் முதல் அத்தியாயத்தை வரி வரியாகச் சோதித்து நீண்ட மறுப்பு எழுதினார். ஒரு வரைபடத்தில் வாக்கரின் வாதத்துக்குப் பொருந்தாத பட்டை விடுபட்டிருந்ததும் பிறகு வெளியே வந்தது. தூக்கத்துக்காக வாதாடும் ஒருவருக்கு இது தேவையே இல்லாத வேலை.

ஆனாலும் முதல் பகுதியை வாசிக்கத்தான் வேண்டும். தூக்கத்தை இரண்டு விசைகள் இழுக்கின்றன என்கிறார். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்து கண்ணை அழுத்தும். கோப்பி அந்த அழுத்தம் தெரியாமல் மறைக்கும். இரண்டாவது, கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நியூரான்கள் நடத்தும் கடிகாரம். இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்கு வீடு வரும் அக்கா ஏன் புரண்டு புரண்டு படுக்கிறாள் என்பது இந்தப் பக்கங்களில்தான் எனக்கு விளங்கியது. அழுத்தம் 'படு' என்கிறது, கடிகாரம் 'எழு' என்கிறது.

எனக்குச் சிக்கல் பின்பகுதியில். நூலின் கடைசியில் பன்னிரண்டு அறிவுரைகள் இருக்கின்றன. முதலாவது: தினமும் ஒரே நேரத்தில் படு, ஒரே நேரத்தில் எழு. பள்ளி தாமதமாகத் தொடங்க வேண்டும், முதலாளிகள் மாற வேண்டும் என்றும் வாக்கர் எழுதுகிறார், அதை மறைக்கக் கூடாது. அதற்கு அவர் காட்டும் உதாரணமோ, நன்றாகத் தூங்கும் ஊழியருக்குப் போனஸ் கொடுத்த ஓர் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம்! தன் நேரம் தன் கையில் இருப்பவருக்குத்தான் இந்தப் புத்தகம் பேசுகிறது.

அம்மா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்து ஆக்கி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் இலை நீரை விடும், பட்டைக்குள் அழுத்தம் இறங்கும், பால் ஓட்டம் சுருங்கும். மரத்தின் கடிகாரத்துக்கு மனிதர்கள் எழுந்தார்கள். சிலர் பிறவியிலேயே வானம்பாடிகள், சிலர் ஆந்தைகள் என்கிறார் வாக்கர். பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடும்போது நீ எந்தப் பறவை என்று யாரும் கேட்டதில்லை. நான் வாசித்த தோட்டக் கதைகளிலும் விடியற்காலை அழகாக வருகிறது, தூக்கம் வருவதில்லை.

கடிகாரமே நம்முடையது இல்லை என்பது வேறு கதை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்தார்கள். சுங்கைப்பட்டாணியில் சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒன்றேகால் ஆகிறது. அக்கா மகன் பள்ளி வேனில் ஏறும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மூளைக் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம் என்று வாக்கரே சொல்கிறார்.

1938-இல் கென்டக்கி குகை ஒன்றில் இரண்டு ஆய்வாளர்கள் 32 நாள் வெளிச்சமில்லாமல் தங்கியதை வாக்கர் சுவையாகச் சொல்வார். எனக்கு முக்கியமாகப் படுவது மதுரைக் குகை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரனும் மாரிமுத்து முதலான அவரது மாணவர்களும் 1970-களின் கடைசியில் வௌவால்களை இருட்டுக் குகைக்குள் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். சுதந்திரமாகத் திரியும் கூட்டம் அதே குகையில் இருந்தவரை, பகலே பார்க்காத கூண்டு வௌவாலும் 24 மணிக் கணக்கில் எழுந்தது. வேறு வௌவாலே இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. மூளைக்குள்ளும் இதே கதைதான்: அந்த நியூரான்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால் ஒவ்வொன்றும் தன் கணக்கில் ஓடும், பிணைந்திருந்தால்தான் ஒரே நேரம் காட்டும். தூக்கம் தனிமனித ஒழுக்கம் என்று எழுதுகிறவர்கள் அந்தக் கூண்டு வௌவாலை யோசித்துப் பார்க்கலாம்.

எங்கள் தாமான் வீட்டில் மூன்று படுக்கையறை, மூன்று நேரம். வேலையை விட்டுப் பல வருடமாகியும் அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் விளக்கைப் போடுகிறார். மகன் ஐந்தரைக்கு. எட்டு மணிக்கு அக்கா வந்து பசியாறிவிட்டுப் படுப்பாள். பக்கத்து வீட்டில் அப்போதுதான் புல் வெட்டும் இயந்திரம் கிளம்பும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு பக்கம் மடிந்திருந்தது. அறை இருட்டாக இருக்க வேண்டும் என்னும் இடம். அந்த வாரமே அக்கா தன் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டிருந்தாள்.