படைப்புக் கலைகளில் முனைவர் பட்டம்

படைப்புக் கலைகளில் முனைவர் பட்டம் என்பது இசை, ஓவியம், சிற்பம், நடனம், நாடகம், திரைப்படம், படைப்பிலக்கியம் முதலிய துறைகளில் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உயர்நிலைப் பட்டங்களைக் குறிக்கும். இயற்பியலிலோ வரலாற்றிலோ முனைவர் பட்டம் எதற்குச் சான்று என்பதில் நாடுகளுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கலையில் அப்படியில்லை. ஒரு நாட்டில் மேடையேறி வாசித்துப் பெறும் பட்டத்தை இன்னொரு நாட்டில் வாசிப்பைப் பற்றி எழுதித்தான் பெற முடியும். வேறொரு நாட்டில் கலைஞருக்கு அந்தப் பட்டமே தேவைப்படுவதில்லை. இந்த வேறுபாடுகளும் அவற்றின் நிறை குறைகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் 'கலை' என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. வரலாறும் பொருளியலும் படித்தவர் இளங்கலை, முதுகலைப் பட்டதாரி ஆகிறார். வீணை வாசிப்பவரும் சிலை வடிப்பவரும் கலைஞர் எனப்படுகின்றனர். 'கலைத்துறையில் முனைவர்' என்றால் இவ்விருவரில் யார் என்பது சொல்லிலிருந்து தெரியாது.

ஆங்கிலப் பட்டப்பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'டாக்டர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்ற பட்டம் தோன்றியது. அது கல்லூரியில் கற்பிக்கப் போகும் ஆசிரியர்களுக்காக வகுக்கப்பட்டது. ஆங்கிலம், வரலாறு, கணிதம் போன்ற பாடங்களுக்கு உரியது. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் ஆங்கிலத்தில் 'டாக்டர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்றே எழுதப்படுகிறது. ஆனால் அது கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் பெறும் ஆய்வுப் பட்டம். பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆகவே பட்டத்தின் பெயரை மட்டும் வைத்து அதன் தரத்தையோ தன்மையையோ முடிவு செய்வது தவறாக முடியும்.

வரலாறு

கலைப்படைப்புக்கு முனைவர் பட்டம் தருவது அண்மைக்காலப் புதுமை என்ற கருத்து பரவலாக உள்ளது. வரலாறு இதற்கு மாறானது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இசைக்கான பட்டங்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கப்பட்டு வந்தன. அங்கு இசை டாக்டர் பட்டம் பெற ஓர் இசைக்கோவையை இயற்றிச் சமர்ப்பிக்க வேண்டும். சார்லஸ் பர்னி 1769இல் ஆக்ஸ்ஃபோர்டில் இவ்வகையில் பட்டம் பெற்றார். ஜோசப் ஹேடனுக்கு 1791இல் அதே பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளித்தது.

ஆய்வேடு எழுதிப் பெறும் பிஎச்.டி. பட்டமே பின்னால் வந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற இம்முறை 1861இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கும், 1917இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் வந்தது. அதன்பின் 'முனைவர்' என்ற சொல்லுக்கு 'ஆய்வேடு எழுதியவர்' என்ற பொருள் நிலைத்தது. கலைஞர் அந்தப் பொருளுக்குள் எப்படி அடங்குவார் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. இன்றைய வேறுபாடுகள் எல்லாம் அக்கேள்விக்கு ஒவ்வொரு நாடும் அளித்த விடைகளே.

நாடுகள்தோறும் நடைமுறை

அமெரிக்கா: அமெரிக்காவில் இசைக்கும் பிற கலைகளுக்கும் தனித்தனி வழிகள் உள்ளன. இசைக்கு 'டாக்டர் ஆஃப் மியூசிகல் ஆர்ட்ஸ்' என்ற டி.எம்.ஏ. பட்டம் 1950களில் ஈஸ்ட்மன் இசைப்பள்ளி போன்றவற்றின் முயற்சியால் வேரூன்றியது. பல மேடைக் கச்சேரிகள், விரிவான தேர்வுகள், பிஎச்.டி. ஆய்வேட்டைவிடச் சிறிய எழுத்துப் பணி ஆகியவை இதில் அடங்கும். யேல் இசைப்பள்ளியில் மாணவர் வளாகப் படிப்பை முடித்து வெளியே சென்று, தொழில்முறை இசைக்கலைஞராகத் தம்மை நிறுவிக்காட்டித் திரும்பிவந்து இறுதித் தேர்வை எதிர்கொள்ளும் முறை உள்ளது.

ஓவியம், சிற்பம் முதலிய காட்சிக் கலைகளுக்கு முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.ஏ.வே நிறைவுப் பட்டமாகக் கருதப்படுகிறது. கல்லூரிக் கலைச் சங்கம் 1977இல் இதை முறையாக அறிவித்தது. ஆகவே அந்நாட்டு ஓவியப் பேராசிரியர் ஒருவரிடம் முனைவர் பட்டம் இல்லை என்றால் அது குறையாகாது.

பிரித்தானியா: இங்கு தனிப்பட்டம் உருவாக்காமல், பிஎச்.டி.க்குள்ளேயே படைப்புக்கு இடம் தரப்பட்டது. 1992இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆனபோது, அவற்றில் இருந்த கலைத்துறைகளும் ஆய்வு மதிப்பீட்டுக்கும் ஆய்வு நிதிக்கும் உரியவை ஆயின. தாங்கள் செய்வதும் ஆய்வுதான் என்று காட்ட வேண்டிய தேவை அவற்றுக்கு ஏற்பட்டது. மாணவர் படைப்புகளுடன் எழுத்துப் பகுதி ஒன்றையும் சமர்ப்பிக்கிறார். பல பல்கலைக்கழகங்களில் அது வழக்கமான 80,000 சொற்களுக்குப் பதில் 30,000 முதல் 40,000 சொற்கள் அளவில் அமைகிறது. 1980களின் இறுதியில் கலைக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களுடன் இணைக்கப்பட்ட ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இதே போக்கு காணப்படுகிறது.

வட ஐரோப்பா: பின்லாந்தின் சிபேலியஸ் அகாதெமியில் கலைவழி முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக ஐந்து பொதுக் கச்சேரிகளும் ஓர் எழுத்துப் பணியும் வேண்டும். கச்சேரிகளைத் தேர்வாளர் குழு நேரில் கேட்டு மதிப்பிடுகிறது. சுவீடன் 2010இல் பிஎச்.டி.யிலிருந்து வேறான 'கலை முனைவர்' பட்டத்தைச் சட்டவழி ஏற்படுத்தியது. இது நான்கு ஆண்டுப் படிப்பு. நார்வே 2003இல் கலைஞர்களுக்கு ஆய்வு நல்கைத் திட்டம் தொடங்கியது. அப்போது அதற்குப் பட்டம் கிடையாது. 2018இல்தான் அது பிஎச்.டி. பட்டமாக மாறியது.

ஜெர்மனி, ரஷ்யா: ஜெர்மனியில் இசைக்கலைஞருக்கு 'கோன்சர்ட்எக்ஸாமன்', ஓவியருக்கு 'மைஸ்டர்ஷூலர்' என்ற உயர்தகுதிகள் உண்டு. இவை முனைவர் பட்டங்கள் அல்ல. முனைவர் பட்டம் பெருமளவுக்கு இசையியல், கலைவரலாறு ஆகியவற்றின் ஆய்வாளர்களுக்கே உரியதாக இருந்து வந்தது. அண்மைக் காலத்தில் சில கலைப் பல்கலைக்கழகங்கள் இதைத் தளர்த்தியுள்ளன. ரஷ்யக் கன்சர்வேட்டரிகளிலும் வாசிப்பவருக்கு ஒரு மேற்பயிற்சி, ஆராய்பவருக்கு ஒரு பட்டம் என இருவழிகள் உள்ளன.

இந்தியா: இந்தியப் பல்கலைக்கழகங்களில் இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றில் வழங்கப்படும் பிஎச்.டி. பெரும்பாலும் எழுத்து ஆய்வேட்டையே அடிப்படையாகக் கொண்டது. நெறியாளர், புறத்தேர்வாளர்கள், வாய்மொழித் தேர்வு என்னும் நடைமுறை வேதியியலுக்கு எப்படியோ அப்படியே பரதநாட்டியத்துக்கும். ஆனால் பணி நியமனத்தில் வேறொரு வாயில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, இளநிலைப் பட்டம் பெற்று, புகழ்பெற்ற ஆசான்களிடம் பயின்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' தரம் பெற்றவர் போன்ற சிறந்த கலைஞர்கள் முனைவர் பட்டம் இல்லாமலே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம்.

ஆய்வா, படைப்பா

ஐரோப்பிய உயர்கல்வியை ஒரே அமைப்புக்குள் கொண்டுவர 1999இல் தொடங்கிய போலோனியா முயற்சியில், 2003இல் முனைவர் படிப்பு மூன்றாம் கட்டமாகச் சேர்க்கப்பட்டது. கலைக் கல்வி நிறுவனங்களும் மூன்றாம் கட்டத்தை அமைக்கத் தலைப்பட்டன. அதனுடன் விவாதமும் வளர்ந்தது.

இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுவது கிறிஸ்டோஃபர் ஃப்ரேலிங் 1993இல் முன்வைத்த பகுப்பு. கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்கான ஆய்வு என அவர் மூன்றாகப் பிரித்தார். முதலாவதில் சிக்கல் இல்லை. கலைவரலாறு அதைச் சேர்ந்தது. மூன்றாவதில் விளைவு படைப்பாகவே நின்றுவிடுகிறது. அது எந்த அறிவைத் தந்தது என்று தனியே எடுத்துக்காட்டுவது கடினம். இடைப்பட்ட இரண்டாவதைத்தான் பல்கலைக்கழகங்கள் பற்றிக்கொண்டன.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஃப்ராஸ்காட்டி கையேடு, தன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், கலை வெளிப்பாடு பொதுவாக ஆய்வாகாது என்கிறது. புதிய வெளிப்பாட்டைத் தேடுவது புதிய அறிவைத் தேடுவதாகாது என்பது அதன் வாதம். மறுபுறம், கலைக் கல்வி நிறுவனங்களின் ஐரோப்பிய அமைப்பு 2016இல் வெளியிட்ட ஃப்ளோரன்ஸ் கொள்கைகள், கலைவழி முனைவர் பட்டம் தனித்த இயல்புடைய ஆய்வுப் பட்டமே என்று வலியுறுத்தின.

மதிப்பீடு

எழுத்துப் பகுதி ஏன் வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கச்சேரி முடிந்தால் காற்றோடு போய்விடும். அரங்கில் இல்லாதவர் அதைச் சோதிக்க முடியாது. அடுத்து வருபவர் அதன்மேல் கட்டவும் முடியாது. அறிவு என்பது பிறருக்குக் கைமாற வேண்டும் என்றால் ஏதேனும் ஒரு பதிவு தேவை.

ஆனால் அந்தப் பதிவு எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது பழக்கமே அன்றி விதியல்ல. கலைவழி ஆய்வுக்கான பன்னாட்டு இணைய இதழ் ஒன்று 2011 முதல் ஒலி, ஒளி, படம், எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தே ஆய்வுகளை வெளியிட்டு வருகிறது. நார்வேயில் கலைஞர் தம் சிந்தனைப் பகுதியை எந்த ஊடகத்தில் அளிப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொள்ள இடமுண்டு.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. பிரித்தானிய முறையில் எழுத்துப் பகுதி படைப்புக்கு வக்காலத்து வாங்கும் உரையாகிவிடும் அபாயம் உண்டு. சுமாரான ஓவியத்தை அடர்த்தியான தத்துவச் சொற்கள் தூக்கிப்பிடிக்கலாம். அமெரிக்காவில் காட்சிக் கலைகளுக்கும் முனைவர் பட்டம் பரவினால், அதிகச் செலவில் பெற்ற எம்.எஃப்.ஏ. மதிப்பிழந்து மாணவர் இன்னும் சில ஆண்டுகளும் கடனும் சுமக்க நேரிடும். ஜெர்மானியத் தகுதிகள் கலைக்கு நேர்மையானவை. ஆனால் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கேட்கும் நாட்டில் அவற்றை விளக்கிப் புரியவைப்பது எளிதல்ல.

இந்திய முறையின் குறை வேறு வகையானது. ஆய்வேட்டின் தேர்வில் ஆய்வாளரின் குரலோ, தாளமோ, கோடோ சோதிக்கப்படுவதில்லை. இராகங்களைப் பற்றி நன்றாக எழுதியவர் முனைவர் ஆகிறார். அது தவறில்லை, அது இசையியல். ஆனால் அந்தப் பட்டமே பாடக் கற்பிக்கும் பணிக்கும் சான்றாகும்போது, அளந்தது ஒன்றும் நம்புவது வேறொன்றும் ஆகிவிடுகிறது. நாற்பது ஆண்டு மேடை அனுபவம் உடைய வித்துவானுக்குத் தனிவாயில் திறந்திருப்பது நல்லதே. ஆயினும் அவருடைய கலையறிவு அந்த வாயிலில் பணித்தகுதியாக மட்டுமே எண்ணப்படுகிறது, ஆய்வாக அல்ல. அவர் அறிந்தது பதிவாகாமலே போகிறது. இழப்பு அவருக்கு மட்டுமன்று, அடுத்த தலைமுறை மாணவருக்கும்தான்.

இவற்றுள் சிபேலியஸ் அகாதெமியின் வழி சமநிலை உடையது எனலாம். வாசிப்பை வாசிப்பாகக் கேட்டும், எழுத்தை எழுத்தாகப் படித்தும் மதிப்பிடுகிறது. ஒன்றின் குறையை மற்றொன்றால் மூடவிடுவதில்லை. இதற்குப் பல ஆண்டு உழைப்பும், கேட்கத் தெரிந்த தேர்வாளர் குழுவும் வேண்டும் என்பதால் செலவு மிகுந்த வழியும் இதுவே. ஐந்து முறை அரங்கில் அமர்ந்து கேட்பது, ஓர் ஆய்வேட்டை அஞ்சலில் அனுப்பி அறிக்கை பெறுவதைவிடக் கடினமானது.

எந்த நாட்டில் சேர எண்ணும் மாணவரும் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது: இறுதியில் எதைச் சமர்ப்பிக்க வேண்டும்? அதைச் சோதிப்பவர் கலைஞரா, ஆய்வாளரா, இருவருமா? பணிபுரிய விரும்பும் நாட்டில் அப்பட்டம் எதற்கு இணையாகக் கொள்ளப்படும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், கையில் பெறப்போவது பாடியதற்கான சான்றா, பாட்டைப் பற்றி எழுதியதற்கான சான்றா என்பது விளங்கிவிடும்.