கிராமத்துக்குப் போன ஜாஸ்

முகப்பேர் பஸ் இரைச்சலில் எழுதிப் பழகியவன் நான். ஊரை விட்டு ஒதுங்கினால்தான் கலை கைகூடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜாஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வரத் தயார்.

அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மலைப்பக்கத்து லெனாக்ஸ் என்ற சிற்றூரில் 1957 முதல் 1960 வரை ஆகஸ்டு மாதங்களில் ஒரு ஜாஸ் பள்ளி நடந்தது. பியானோ வித்வான் ஜான் லூயிஸ் அதன் தலைவர். மெட்டமைப்பதையும் சேர்ந்து வாசிப்பதையும் ஒன்றாகவே கற்பித்தார்கள். 1959-ல் ஸாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் அங்கே மாணவராகப் போனார். வயது 29, அதற்குள் இசைத்தட்டு வெளியிட்டிருந்தவர். நம்மூர் வித்வான் எவராவது இசைத்தட்டு வந்த பிறகு சிஷ்யர்கள் வரிசையில் போய் உட்காருவாரா? உட்கார்ந்தாலும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்! அதே வருஷம் நவம்பரில் கோல்மன் நியூயார்க்கில் வாசித்தபோது ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள்.

"இது நம் மனோதர்மந்தானே" என்று சபா ரசிகர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. நம் கச்சேரியில் பாடகர் போன வழியில் வயலின் பின்தொடர்கிறது. மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் வரை பொறுமை வேண்டும். கோல்மன் குழுவிலோ, டிரம்ஸ்காரர் எந்த நிமிஷமும் பாதையைத் திருப்பலாம். அப்படி வாசிக்க, பக்கத்தில் இருப்பவனைக் கேட்கும் காது வேண்டும். வாரக்கணக்கில் கூடவே இருந்தால்தான் அது வரும். கிராமம் அதற்குத்தான்.

2010-ல் கர்நாடக கிதார் வித்வான் பிரசன்னா, செய்யூர்ப் பக்கம் ஸ்வர்ணபூமி இசைக்கல்லூரியைத் தொடங்கினார். ஜாஸும் கர்நாடகமும் அங்கே அண்டைவீட்டுக்காரர்கள். கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களை நான் பொருட்படுத்தவில்லை. ராகம் கலந்தால் கலந்துவிட்டுப் போகட்டும். மார்கழி மேடையில் ஆலாபனை நடக்கையில் மிருதங்கக்காரர் இன்னும் கை கட்டித்தானே உட்கார்ந்திருக்கிறார்?