ஓய்வறியா அணுக்கள்

எச்.ஐ.வி. வைரஸ், எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் சிடி4 வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றைக் கொல்கிறது, அதனால் எய்ட்ஸ் வருகிறது. நாமெல்லாம் படித்த விளக்கம் இதுதான். 1995-இல் டேவிட் ஹோ குழுவினரின் ஆய்வு, நோயாளியின் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான வைரஸ்களும் அணுக்களும் தோன்றி மடிவதைக் காட்டியபோது அது மேலும் வலுத்தது. ஆனால் கணக்கு இடிக்கிறது. இரத்தத்தில் வைரஸ் குடியேறிய சிடி4 அணுக்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. மற்றவை ஏன் சாகின்றன?

எதிர்ப்பாற்றல் ஓய்வின்றித் தூண்டப்பட்டே கிடப்பதால் என்கிறது மாற்றுக் கருத்து. தூண்டப்பட்ட அணு விரைவாகப் பிரிகிறது, விரைவாக மடிகிறது. வைரஸ் செழித்துப் பெருகுவதும் அத்தகைய அணுவில்தான். முற்றிய நோயில் உயிர் பிழைக்கும் காலத்தை வைரஸ் அளவைவிட இந்தத் தூண்டலே நெருக்கமாகக் காட்டுகிறது என்று 1999-இல் ஜானிஸ் ஜார்ஜி குழுவினர் கண்டனர். இதை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுதமாட்டேன். சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகிவிடாது.

என்னை அசைத்தது மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்காபே குரங்கு. எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. அதன் இரத்தத்தில் மிகுந்த அளவில் ஓடுகிறது. ஆனாலும் அதற்கு எய்ட்ஸ் வருவது மிக அரிது. தொடக்கத்தில் கிளம்பும் தூண்டல் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. ஆசியாவின் ரீசஸ் குரங்குக்கு அது அடங்குவதில்லை. அந்தக் குரங்கு எய்ட்ஸ் வந்து சாகிறது. வைரஸ் அளவு மட்டுமே காரணமென்றால் மங்காபே எப்போதோ அழிந்திருக்க வேண்டும்.

தூண்டலை மூட்டுவது எது? தொற்றிய சில வாரங்களிலேயே குடல் சுவரிலுள்ள சிடி4 அணுக்கள் பெருமளவு அழிகின்றன. அரண் பழுதாக, குடல் பாக்டீரியாக்களின் பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன என்று 2006-இல் பிரென்ச்லி, டூயெக் குழுவினர் காட்டினர். அழகான விளக்கம். ஆயினும் பாக்டீரிய நச்சைக் குடலிலேயே பிடித்துவைக்கும் செவலமர் மருந்து, பன்றிவால் குரங்குகளில் தூண்டலைக் குறைத்தது; சிகிச்சை தொடங்காத மனிதர்களில் அப்படிக் குறைக்கவில்லை. ஆகவே கசிவு ஒரு காரணம் மட்டுமே. வைரஸும் அணுக்களை நேரடியாகத் தூண்டுகிறது.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை அடக்கி நோயைத் தடுக்கலாமா? இங்கே இந்தக் கருத்து சறுக்குகிறது. வைரஸை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏ.ஆர்.டி.யைத் தொடங்காதவர்களுக்கு, எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2012-இல் வெளியானது. தூண்டல் குறையவில்லை. வைரஸ் கூடியது, சிடி4 வேகமாகச் சரிந்தது.

என் முடிவு இது: உடல் ஏன் சீரழிகிறது என்பதைத் தூண்டல் விளக்குகிறது, அதை மூட்டுவது வைரஸ். அதனால் வைரஸை அடக்கும் மருந்துக்கு அந்தக் கருத்து மாற்றாகாது. 5,472 பேர் பங்கேற்ற ஸ்மார்ட் ஆய்வில், ஏ.ஆர்.டி.யை இடையிடையே நிறுத்தியவர்களிடையே சாவும் நோயும் கூடின. அழற்சிக் குறியீடுகள் உயர்ந்திருந்தவர்களே அதிகம் இறந்தனர். சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.