ஆல்பத்துல இருக்கற மாதிரியே

ப்ராக்ரஸிவ் ராக் ரசிகர்கள் ஒரு கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் உச்சபட்சப் பாராட்டு ஒன்று உண்டு: "ஆல்பத்துல இருக்கற மாதிரியே அப்படியே வாசிச்சுப்போட்டானுக." பதினெட்டு நிமிஷப் பாட்டு, நடுவில் பல தடவை தாளம் மாறுகிறது, ஒரு இடத்தில்கூட இடறவில்லை என்று அர்த்தம். இதே வாக்கியத்தை ஒரு கர்நாடக சங்கீத ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள். "போன டிசம்பர்ல பாடுன மாதிரியே இந்த டிசம்பரும் பாடுனாரு" என்பது அங்கே புகார். இரண்டு பேருக்கும் உருப்படி மனப்பாடம். இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்பவர்கள். ஒருவருக்குப் பூரிப்பாக இருப்பது இன்னொருவருக்கு ஏமாற்றமாக இருப்பது ஏன்?

இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், இந்த இரண்டு ரசிகர்களையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துவிட்ட ஒரு இசைக்குழு இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த 'அகம்'. தங்கள் இசையை அவர்கள் 'கர்நாடிக் ப்ராக்ரஸிவ் ராக்' என்றே அழைக்கிறார்கள். அகத்தைப் பற்றி ரசிகர்கள் நிறையப் பேசுகிறோம். ஆனால் பேச்சு பெரும்பாலும் "செம", "புல்லரிச்சிருச்சு" என்பதோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலில் ப்ராக் எங்களிடம் வந்து சேர்ந்த கதை. என் வயதுக்காரர்களுக்கு அது கேசட்டிலோ சிடியிலோ வரவில்லை. பொறியியல் கல்லூரி விடுதியில், யாரோ ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்க்கில், இசைக்குழுவின் பெயர், ஆண்டு, ஆல்பம் என்று ஒழுங்காக அடுக்கிய ஃபோல்டர்களாக வந்தது. சினிமாப் பாட்டைத் தனித்தனியாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரு ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முதலிலிருந்து கடைசி வரை கேட்கவேண்டும் என்பதே புதுப் பழக்கம். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம், 1973 மார்ச்சில் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்', 1999இல் ட்ரீம் தியேட்டரின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' என்று பாடத்திட்டம் மாதிரி ஒரு வரிசை இருந்தது.

உற்சாகம் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வெளிப்பட்டது. எத்தனை நிமிஷம், எந்த இடத்தில் ஏழு, எந்த இடத்தில் ஐந்து. ஃபிளாய்டின் 'மனி' ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது என்று கண்டுபிடித்த அன்று மெஸ் டேபிளில் தட்டிக்கொண்டே சாப்பிட்டோம். ஏழுக்கு மிஸ்ர சாபு, ஐந்துக்குக் கண்ட சாபு என்று நம் பக்கத்தில் பெயர் இருப்பது அப்போது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சிலர் எதிர்த்திசையில் போனார்கள்: "எல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குதுங்க." அதுவும் சோம்பலான பேச்சுதான். ஏழு எண்ணிக்கை எங்கேயும் இருக்கும். அதைக் கொண்டு என்ன கட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

ப்ராக் ரசிகர் அச்சு அசலை ஏன் கேட்கிறார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1972இல் வந்த யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பதினெட்டரை நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதை அவர்கள் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வாசித்து, டேப்பை வெட்டி ஒட்டி முழுமையாக்கினார்கள். அப்புறம் தாங்கள் ஒட்டிய அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கத் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பதிவு முடிந்த கையோடு டிரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபோர்ட் விலகிவிட, சுற்றுப்பயணத்துக்குச் சில நாட்களே இருந்த நிலையில் ஆலன் ஒயிட் வந்து அத்தனையையும் படித்துக்கொண்டு உட்கார்ந்தார். இப்படி ஒரு பாட்டை மேடையில் பிசகாமல் வாசித்தால் அது நிஜமாகவே சாதனை. டேப்பும் கத்தரியும் சேர்ந்து செய்ததை மனிதர்கள் கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். "அப்படியே வாசிச்சுப்போட்டானுக" என்பதில் இருக்கும் வியப்பு அதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

ஆனால் ப்ரூஃபோர்ட் எங்கே போனார் என்பதையும் பார்க்கவேண்டும். கிங் கிரிம்சனுக்குப் போனார். அந்தக் குழு மேடையில் முன்கூட்டியே எழுதாத நீண்ட பகுதிகளை வாசிக்கும் வழக்கமுள்ளது. 1974இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தின் பெரும்பகுதி கச்சேரிகளில் பதிவானது. கைதட்டலையும் கூட்டத்தின் சத்தத்தையும் நீக்கிவிட்டு ஸ்டுடியோ ஆல்பம் போல வெளியிட்டார்கள். அதே மாதிரி ஃபிளாய்டும் 'டார்க் சைட்' தொகுப்பை ஆல்பம் வெளிவருவதற்கு ஓராண்டுக்கும் முன்பிருந்தே, 1972 ஜனவரி முதல், மேடைகளில் வாசித்து மாற்றி மாற்றிச் செதுக்கினார்கள். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர் ஒப்பிட்டுப் பார்க்க ஆல்பமே கிடையாது. ஆக, ஆல்பம் மூலம், கச்சேரி நகல் என்ற வரிசையை ப்ராக் இசைக்காரர்களே எப்போதும் பின்பற்றவில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது பெரும்பாலும் ரசிகர்களாகிய நாம்தான்.

இந்த மூலம்–நகல் விவகாரத்துக்கு எங்கள் கொங்குப் பகுதியிலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், அந்தக் கதையை ஒரு பாடகர் பாடும்போது டேப்பில் பதிவு செய்தார். அதே பாடகர் அதே கதையைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட வடிவமும் அவரிடம் இருந்தது. இரண்டும் ஒன்றாக இல்லை. 1982இல் வந்த 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற நூலில் அந்த வேறுபாடுகளையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்கிறார். ஒருவரே சொன்னது, ஒரே கதை. முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு மாதிரி வருகிறது, எழுதுகிறவர் மட்டும் இருக்கும்போது வேறு மாதிரி வருகிறது. எது அசல் என்று கேட்டால் விடை கிடையாது. கதை கேட்க வந்தவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். இன்றைக்கு எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள்.

இசையில் இந்த இரண்டு மனநிலைகளையும் நம் ஆள் ஒருவர் ஒரே ஆல்பத்துக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதன் முதுகெலும்பு. அதில் ஒரு உருப்படியின் பெயர் 'இட் இஸ் ஃபிக்ஸ்ட்'. இன்னொன்றின் பெயர் 'டூ எனிதிங்'. எல்லாம் முடிவாகிவிட்டது என்பதும், என்ன வேண்டுமானாலும் செய் என்பதும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றன. படத்துக்காக எழுதப்படாத அந்த இசையைப் பாலுமகேந்திரா பிறகு 'வீடு' படத்துக்கு எடுத்துக்கொண்டார். தமிழில் முழு ஆல்பமாக உட்கார்ந்து கேட்க வேண்டியவை என்று ஒரு சிறு பட்டியல் போட்டால், என் பட்டியலில் முதலில் வருவது இதுதான்.

இப்போது அகம். 2003இல் தொடங்கிய குழு. அதன் பாடகரும் வயலின் கலைஞருமான ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மென்பொருள் நிறுவனங்களில் வடிவமைப்புத் துறையில் வேலை பார்த்தவர். எங்களைப் போன்ற ஐடிக்காரர்களுக்கு அவர்கள் மேல் கூடுதல் பாசம் வர இதுவும் ஒரு காரணம். மறைக்கவேண்டியதில்லை. 2012இல் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', 2017இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என்று ஆல்பங்கள் வந்தன. இரண்டாவதில் 'மிஸ்ட் ஆஃப் கேப்ரிகார்ன்' என்ற பாட்டு. தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சரா'தான் அது. ராகம் நளினகாந்தி. கீர்த்தனை கேட்டிராதவர்களுக்கும் 'கலைஞன்' படத்தின் 'எந்தன் நெஞ்சில்' வழியாக அந்த ராகம் பழக்கம்தான்.

இந்தப் பாட்டின் நல்ல பகுதி, கீர்த்தனையின் எடுப்பை அவர்கள் மதித்திருப்பது. தாளத்தின் முதல் அடியில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் தேசாதிக் கீர்த்தனை இது. ராக் டிரம்ஸ் இயல்பாகச் சாய்கிற இடமும் இந்தப் பல்லவி எழுகிற இடமும் ஒன்றல்ல. அந்த இழுபறியைச் சமன் செய்துவிடாமல் அதன் மேலேயே கிதாரை ஓட விட்டிருக்கிறார்கள். கீர்த்தனைக்கு அடியில் நாலு கார்டு போட்டு 'ஃப்யூஷன்' என்று விற்கிற சரக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே கேட்கிறது. ராக் இங்கே மேலே பூசிய வர்ணமாக இல்லாமல், தாளத்தோடு மல்லுக்கட்டுகிறது.

சிக்கல் ஸ்வரங்களில் இருக்கிறது. கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடும்போது கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது, பாடகர் சரியாக எடுப்புக்கு வந்து சேர்வாரா என்ற பதற்றத்தால்தான். வந்து சேராமலும் போகலாம் என்ற ஆபத்து இருக்கும் வரைதான் அதற்கு உயிர். ராக் குழுவில் ஸ்வரத்தைக் கிதாரும் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து ஒரே வீச்சில் வாசிக்கவேண்டுமானால் முன்கூட்டி எழுதியாக வேண்டும். எழுதிவிட்டால் அது சிட்டைஸ்வரம். சிட்டைஸ்வரம் ஒன்றும் மட்டமானதல்ல, நம் மரபிலேயே உள்ளதுதான். ஆனால் அது ஆபத்து நீங்கிய ஸ்வரம். முதல் தடவை தூக்கி எறிகிறது. பத்தாவது தடவை நாமும் கூடவே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த நிமிஷம் ப்ராக் ரசிகர் துள்ளுகிறார், கச்சேரி ரசிகர் நாற்காலியில் சாய்கிறார். இரண்டு பேரும் சரிதான்.

அகத்தின் மேடையில் திறந்திருக்கும் இடம் ஹரீஷின் ஆலாபனை. பாட்டுக்கு முன்னால் அவர் நீட்டுகிற சில நிமிஷங்களில் குழு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கே முடிப்பார் என்று அவர்களுக்கும் நிச்சயமில்லாத பாவனை அவர்கள் முகத்தில் தெரியும். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது அதுதான். அது முடிந்ததும் டிரம்ஸ் இறங்கும், எல்லாம் ஆல்பத்தில் உள்ள தண்டவாளத்தில் ஏறிவிடும், கடைசியில் உச்சஸ்தாயியும் முழுச் சத்தமும். ஏறக்குறைய எல்லாப் பாட்டும் இதே மலையில் இதே பாதையில் ஏறுகிறது. சுதந்திரம் முழுக்கப் பாடகருக்கு, பொறுப்பு முழுக்க மற்றவர்களுக்கு என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். மிருதங்கக்காரர் பாடகரின் ஸ்வரத்துக்கு அந்த நொடியில் பதில் சொல்வது போல டிரம்ஸும் கிதாரும் பதில் சொல்லும் ஒரு இடத்தை, ஒரு பாட்டில் ஒரே ஒரு இடத்தை, எழுதாமல் விட்டுவைக்க அவர்களால் முடியும். அதற்கான கை அவர்களிடம் இருக்கிறது.

அதைத் தடுப்பதில் நமக்கும் பங்குண்டு. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு ஒரு மணி நேரத் தூரம். கேரளத்தின் கப்பா டிவியில் வந்த 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சிகள் எல்லை தாண்டி எங்கள் பக்கம் வேகமாகப் பரவின. அகத்தின் 'போட் சாங்' எங்களில் பெரும்பாலானோருக்கு அந்த நிகழ்ச்சி வழியாகத்தான் அறிமுகம். வள்ளப்பாட்டின் துடுப்பு வீச்சும் ராக்கின் வேகமும் கலந்த அந்த வாசிப்பு நேரடி வாசிப்பு. ஆனால் நூறு தடவை யூடியூபில் ஓட்டிய பிறகு எங்களுக்கு அதுவே ஆல்பம் ஆகிவிட்டது. பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த நண்பன் சொன்னான்: "மோஜோல அந்த எடத்துல ஒரு சங்கதி போடுவாப்லல்ல, அது இன்னிக்கு வரலடா." ஒரு ராத்திரி தற்செயலாக வந்து விழுந்திருக்கக்கூடிய சங்கதியை, எல்லா ராத்திரியும் வரவேண்டிய கடனாக நாம் மாற்றிவைத்திருக்கிறோம். இப்படிக் கேட்கிற கூட்டத்தின் முன்னால் எந்தக் குழு புதிதாக ஒன்றை முயன்று இடறும்?

சினிமாப் பாட்டுக் கச்சேரிகளின் கூட்டமும் பணமும் இந்தக் குழுக்களுக்குக் கிடையாது. இவர்களுக்கு இருப்பது உருப்படியை நுணுக்கமாக அறிந்த ரசிகர்கள். அந்த அறிவை நாம் சரிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால், மென்பொருளில் டெஸ்ட் எழுதுவதைப் போல ஆகிவிடுகிறது: எதிர்பார்த்த விடை வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. சாயங்காலமும் அதையே செய்ய நான் டிக்கெட் வாங்குவதில்லை.

அடுத்த தடவை யாராவது அகத்தையோ வேறு குழுவையோ பார்த்துவிட்டு வந்தால் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: "ஆல்பத்துல இல்லாதது என்னடா வாசிச்சானுக?" அதற்குப் பத்து நிமிஷமாவது பதில் சொல்லும்படி ஒரு கச்சேரி அமைந்தால், பஸ் செலவு வீண் இல்லை.