என்ன படிக்கலாம், சொல்லுங்க

"சார், படிக்கிற மாதிரி நாலு புத்தகம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வாசிக்கிறவர்களுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. கேட்டவர் என்ன வேலை பார்க்கிறார், இதற்கு முன் எதைப் படித்து ரசித்தார் என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. மோகமுள், ஒரு புளியமரத்தின் கதை, கோபல்ல கிராமம், சேப்பியன்ஸ் என்று கடகடவென ஒப்பிக்கிறோம். அவரும் கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார். அவற்றில் எத்தனை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது இருவருக்குமே பிறகு நினைவிருப்பதில்லை.

ஆனாலும் தமிழில் பல நூல்கள் இன்று உயிரோடு இருப்பதற்கு இந்தப் பழக்கம்தான் காரணம். 1950களில் க.நா.சு. ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பு வைத்தே நூல்களை அறிமுகம் செய்தார். பட்டியல் போடுகிறவர் என்று அவரைக் கேலி செய்தார்கள். ரசனையைத் தவிர வேறு அளவுகோல் உண்டா என்று கைலாசபதி போன்றவர்கள் கடுமையாகவே கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஏன் இந்த நூல், ஏன் அது இல்லை என்பதற்கு க.நா.சு. பெரிதாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் 1942இல் வந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அது இன்றைய வாசகர் வரை வந்து சேர்ந்தது. பின்னால் சுஜாதா பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் செய்ததும், எஸ். ராமகிருஷ்ணன் நூறு சிறந்த சிறுகதைகள் என்று தொகுத்ததும், ஜெயமோகன் தமிழ் நாவல்களைத் தரம் பிரித்து வரிசைப்படுத்தியதும் இதன் தொடர்ச்சிதான். ஜெயமோகனின் பட்டியலில் ஒரு நேர்மை உண்டு: பொழுதுபோக்கு நாவல்களுக்கும் தனியாக ஒரு வரிசை கொடுத்திருப்பார். மற்றவர்கள் ராஜேஷ்குமாரையும் ரமணிசந்திரனையும் படித்ததே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். நம் தருமபுரிப் பக்கத்துப் பொம்மிடி ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தவர்கள் கையில் ஒரு காலத்தில் இருந்தது பாக்கெட் நாவல்தான். அங்கே தொடங்கி ‘நாகம்மா’ளுக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

எல்லோருக்குமாகப் போடப்படும் பட்டியல் உண்மையில் யாருக்காகப் போடப்படுகிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழகத்திலேயே அதுதான் கடைசி. அப்படியென்றால் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இன்று புத்தகம் தேடுகிற இருபது வயதுப் பெண்ணோ பையனோ, வீட்டில் கதைப்புத்தகம் என்ற ஒன்றைக் கையில் எடுக்கிற முதல் ஆளாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல புத்தகக் கடை வேண்டுமென்றால் தருமபுரிக்குப் போக வேண்டும். இல்லையேல் மஞ்சவாடிக் கணவாய் ஏறி இறங்கிச் சேலம் போக வேண்டும். கூரியரில் வரவழைக்கலாம்தான். ஆனால் 700 ரூபாய் நாவலை, முப்பது பக்கம் தாண்டுமா என்று தெரியாமல், மரவள்ளி அறுவடைக் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து யார் வாங்குவார்கள்? பரிந்துரைப்பவர் விலையையும் கிடைக்குமிடத்தையும் சொல்லாமல் விடுவது மறதியால் அல்ல. அந்தக் கேள்வி அவருக்கு எழாத இடத்தில் அவர் வாழ்கிறார்.

நம் பக்கத்துக் கிளை நூலகங்களுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். நாற்காலிகளில் பாதிக்குமேல் குரூப் 4, காவலர் தேர்வு என்று தயாராகிறவர்கள். நூலும் நூலாசிரியரும் பொருத்துக என்று கேட்டால் ஒரு நொடியில் பதில் வரும். 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது ‘காவல் கோட்டம்’, 2012இல் ‘தோல்’, 2013இல் ‘கொற்கை’, 2014இல் ‘அஞ்ஞாடி’ என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடமான பெயர்கள். புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைவிடப் பெரிய பட்டியல் வேறு உண்டா? பெயர் தெரிந்தால் போதும் என்று வைத்த பரிந்துரையின் கதி இதுதான். இந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பூமணியைச் சொல்வதாக இருந்தால், ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ‘அஞ்ஞாடி’யிலிருந்து தொடங்கச் சொல்வது வாசிப்பை வெறுக்க வைக்கிற வழி. 1982இல் வந்த ‘வெக்கை’யைக் கொடுக்கலாம். ‘அசுரன்’ படத்தின் மூலக்கதை அதுதான் என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு நாளில் முடித்துவிட்டு வருவார்கள், படத்தில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று சண்டைக்கும் வருவார்கள். அந்தச் சண்டையிலிருந்து அடுத்த புத்தகம் தானாக வரும்.

புனைவையும் அபுனைவையும் கலந்து சொல்லும் பரிந்துரைகளில் இன்னொரு கோளாறு இருக்கிறது. கதை என்றால் தமிழின் ஆகச் சிறந்தவற்றைத் தேடிச் சொல்கிறவர்கள், அபுனைவு என்று வந்ததும் விமான நிலையக் கடையில் அடுக்கியிருக்கும் மொழிபெயர்ப்புகளுக்குத் தாவிவிடுகிறார்கள்: பணக்காரர் ஆவது எப்படி, பழக்கத்தை மாற்றுவது எப்படி, கூடவே ‘சேப்பியன்ஸ்’ எழுதிய ஹராரி. ஹராரியைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ 1997இல் வந்தது. நம் வீட்டு உரல், உலக்கை, பல்லாங்குழி வரைக்கும் பேசுகிற சின்னப் புத்தகம். ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழில் கிடைக்கிறது. வாணியாற்றுப் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைக்கிறவருக்கு அதை ஒத்துக்கொள்ளவும் மறுக்கவும் சொந்த அனுபவம் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன; தொல்லியல் துறை இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்தே வெளியிட்டிருக்கிறது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்ட ஊர்களில் நம் ஊர்களும் உண்டு. எந்தப் ‘படிக்க வேண்டிய நூறு’ பட்டியலிலாவது அந்தத் தொகுதிகளைப் பார்த்திருக்கிறீர்களா?

கதை எது, வரலாறு எது என்று சொல்லாமல் கொடுப்பது எதை இழக்க வைக்கிறது என்பதற்கு ஒரே நூலை எடுத்துப் பார்க்கலாம். ராகுல சாங்கிருத்தியாயன் 1940களின் தொடக்கத்தில் சிறையில் எழுதிய ‘வால்காவிலிருந்து கங்கை வரை’யை, கண. முத்தையா 1949இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். கட்சி வகுப்புகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய நூல். தமிழில் வாய்மொழிப் பரிந்துரையாலேயே வாழ்ந்த நூல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கி.மு. 6000இல் தொடங்கி 1942 வரை நீளும் இருபது கதைகள். கதைகள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "வரலாறு தெரியணும்னா முதல்ல இதைப் படி தம்பி" என்றுதான் இதைக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்ட தம்பி நிஷாவும் திவாவும் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்ற நினைப்பிலேயே மேடையில் பேசப் போய்விடுகிறார். அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த ஆரியர் வருகைக் கொள்கைகளை வைத்துக் கற்பனையால் கட்டியது அது. கற்பனை அபாரமானது, இன்றும் படிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு தொல்லியலும் மரபணு ஆய்வும் எங்கேயோ போய்விட்டன. டோனி ஜோசப்பின் ‘ஆதி இந்தியர்கள்’ தமிழில் வந்துவிட்ட பிறகு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் முதலாவதை மட்டும் வரலாறு என்று கொடுப்பது பழக்கதோஷம். ‘பொன்னியின் செல்வ’னுக்கும் இதே கதிதான். 2022இல் படம் வந்தபோது கல்கியை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு, நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழிலேயே இருக்கிறது என்று யாராவது சொன்னார்கள்? நந்தினி யார் என்று நூலகரிடம் சரித்திரம் கேட்டவர்கள் உண்டு.

ஆக, கலவையாகச் சொல்வதால் மட்டும் பரிந்துரை நல்லதாகிவிடாது. இது கதை, இது சாட்சியம், இது ஆய்வு என்று வகையைச் சொல்லிக் கொடுத்தால் கலவைக்கு ஒரு பலம் கிடைக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி நமக்குப் பக்கத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கடத்தல் தேடுதல் என்ற பெயரில் வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்து செய்த கொடுமையில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வழக்கின் கதையைச் செய்தியாக அறிந்தவருக்கு ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யைக் கொடுத்துப் பாருங்கள். 2004இல் வந்த நாவல். களம் சத்தியமங்கலம் காடு, காலம் வீரப்பன் தேடுதல் வேட்டை. இங்கிருப்பவருக்கு அதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாவலை முதலில் படித்தவர் தீர்ப்பைத் தேடிப் போவார், தீர்ப்பை அறிந்தவர் நாவலுக்கு வருவார். கதை விட்ட இடத்தை ஆவணம் எடுத்துக்கொள்கிறது. ஆவணம் பேசாத இடத்தில் கதை பேசுகிறது. நூறு பெயர் கொண்ட பட்டியலால் இந்த வேலையைச் செய்ய முடியாது. பொருத்தமான இரண்டு பெயர் செய்துவிடும்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும் இந்தப் பொருத்தம் பற்றியவைதான்: வாசகருக்கு உரிய நூல், நூலுக்கு உரிய வாசகர். அதே ஆண்டு மன்னார்குடிச் சுற்று ஊர்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. அடுத்த முறை எதை ஏற்றுவது என்று வண்டிக்காரர்கள் முடிவு செய்ய ஊர்க்காரர் முகம்தான் உதவியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நட்புக்காகச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உன் நூலை நான் சொல்கிறேன், என் நூலை நீ சொல் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டிசம்பர் கடைசியில் முகநூலில் வரும் ‘இந்த ஆண்டு வாசித்தவை’யில் ஒரே பதிப்பகத்தின் நூல்கள் ஏழு இருந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அதைவிட எனக்கு உறுத்துவது, யாரும் குறை சொல்வதில்லை என்பது. "முதல் அம்பது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கங்க" என்று ஒரு வரி சொன்னால் அந்த வாசகர் ஐம்பதாவது பக்கத்தில் புத்தகத்தை மூடமாட்டார். குறையே சொல்லாத பரிந்துரையை நம்பி ஏமாந்தவர், குற்றம் தன் மண்டையில்தான் என்று முடிவு கட்டி ஒதுங்கிவிடுகிறார். முதல் தலைமுறை வாசகரிடம் இது நிறைய நடக்கிறது.

பொய் சொல்லாத பரிந்துரை ஒன்றை நூலகத்தில் பார்க்கலாம். பழைய புத்தகத்தின் பின்னட்டை உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில், திருப்பித் தரவேண்டிய தேதிகள் ஊதா மையில் வரிசையாக முத்திரை குத்தப்பட்டிருக்கும். சில விருது நாவல்களில் ஒரே ஒரு தேதி. ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக இருப்பதும் உண்டு. பக்கத்திலேயே அட்டை கிழிந்து பசை போட்டு ஒட்டிய ஒரு சரித்திர நாவலில் தாள் நிரம்பி, மேலே இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் பாதி நிரம்பியிருக்கும். அதை வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் இந்த ஊர் எதை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியும். பட்டியல் போடுகிறவருக்குத் தெரியாது. பரிந்துரைக்கத் துணிகிறவர் முதலில் அந்தத் தாள்களைப் புரட்டட்டும் என்பேன்.

என் முடிவு இதுதான்: புத்தகம் பரிந்துரைப்பதை விட்டுவிட முடியாது, ஆனால் பொதுவாகப் பரிந்துரைப்பதை விட்டுவிடலாம். ஒருவர் கேட்டால் இரண்டு போதும், ஒன்று கதை, ஒன்று கதையல்லாதது. எந்தப் பக்கத்தில் திணறல் வரும் என்பதையும், என்ன விலை, எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லாத நூலை வாங்கச் சொல்லி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். நூறு ரூபாய் வீட்டுவரியோடு பத்து ரூபாய் நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம்.