தெருமுனையோடு நின்றுபோகும் தண்டோரா: நெட்வொர்க் நெய்பர்ஹுட் பற்றி ஒரு விமர்சனம்

விண்டோஸ் 95 திரையில் "நெட்வொர்க் நெய்பர்ஹுட்" என்று ஒரு ஐகான் இருந்தது ஞாபகம் இருக்கா? திறந்தால் அலுவலகக் கணினிகளெல்லாம் வரிசையாகத் தெரியும். யாரும் எதையும் அமைக்க வேண்டாம். ஒரே ஹப்பில் பத்துக் கணினி இருக்கும்வரை இது நன்றாகவே நடந்தது. நடுவில் ஒரு ரவுட்டர் வந்ததும் பாதிக் கணினிகள் காணாமல் போயின. "நெட்வொர்க் சரியில்லைப்பா" என்று பழியை கேபிள் போட்டவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள்.

என் வாதம் வேறு. நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஆசைகளை வைத்துக்கொண்டு இந்த வடிவமைப்பு தொடங்கியதுதான் சிக்கல். இதை நான் இப்போது கண்டுபிடித்துச் சொல்லவில்லை, 1987-லேயே எழுத்தில் இருக்கிறது.

நெட்பயாஸ் என்பது 1980களின் முற்பாதியில் ஐபிஎம்மின் பிசி நெட்வொர்க்குக்காக சைடெக் நிறுவனம் உருவாக்கிய இடைமுகம். சின்ன லோக்கல் நெட்வொர்க்தான் அதன் உலகம். அதை டிசிபி/ஐபி மேல் ஓட்டுவது எப்படி என்று சொல்ல 1987 மார்ச்சில் ஆர்எஃப்சி 1001, 1002 வந்தன. 1001-இல் வடிவமைப்பு நோக்கங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. மைய நிர்வாகம் தேவைப்படக் கூடாது என்பது அதில் ஒன்று. ரவுட்டர்களால் இணைந்த பல நெட்வொர்க்குகளிலும் இயங்க வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது, பிராட்காஸ்டைக் குறைக்க வேண்டும் என்பது. மூன்றும் நல்ல ஆசைகள்தான். ஆனால் மையமாக யாரும் இல்லை, கூவவும் கூடாது என்றால் அடுத்த சப்நெட்டில் இருப்பவரின் முகவரியை யாரிடம் போய்க் கேட்பது?

எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் வகை பிரித்தார்கள். பி-நோட் என்ற கணினி தன் சப்நெட்டில் தண்டோரா போட்டுப் பெயரைத் தேடும். பாயிண்ட்-டு-பாயிண்ட் வகைக் கணினி, பெயர்ப் பதிவேடு வைத்திருக்கும் ஒரு சர்வரிடம் நேராகக் கேட்கும். எம்-நோட் முதலில் கூவிவிட்டு, பதில் வராவிட்டால் சர்வரிடம் போகும். முதலில் சர்வர், அப்புறம் கூவல் என்ற எச்-நோட்டை மைக்ரோசாஃப்ட் பிறகு சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வின்ஸ் என்பதும் இந்தப் பதிவேட்டுச் சர்வர்தான். அதாவது மருந்து முதல் நாளிலிருந்தே பெட்டியில் இருந்தது. ஆனால் எதுவும் அமைக்காமல் விட்டால் கணினி கூவத்தான் செய்யும். நடைமுறையில் ஊரை ஆண்டது அந்த இயல்புநிலைதான்.

அடுத்து, கணினிப் பட்டியல். பெயருக்கு முகவரி கண்டுபிடிப்பது ஒரு வேலை, யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் காட்டுவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது வேலை அந்த ஆர்எஃப்சிகளில் கிடையாது. மைக்ரோசாஃப்ட் பின்னால் அதன்மேல் கட்டிய மாடி அது. ஒவ்வொரு சப்நெட்டிலும் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒரு "மாஸ்டர் பிரவுசரை" நியமிக்கும். எந்த ஓஎஸ், எந்தப் பதிப்பு, எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்பதெல்லாம் தேர்தலில் கணக்கு. மற்றக் கணினிகள் 12 நிமிடத்துக்கு ஒருமுறை "நான் இருக்கேன்" என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்பு வராமல் போனால்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். ஆக, மின்சாரம் போய் அணைந்த கணினி 36 நிமிடம் வரை உயிரோடு இருப்பதாகவே திரை சொல்லும். ஜெயித்த மாஸ்டர் யாரோ ஒருவருடைய மேசைக் கணினியாக இருந்து, அவர் ஆறு மணிக்கு ஆஃப் செய்துவிட்டுப் போனால் மறுபடி தேர்தல்.

இரண்டு மாடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கீழே 192.168.1, மேலே 192.168.2. மேல்மாடி மாஸ்டர் தன் பட்டியலைக் கீழே உள்ள டொமைன் மாஸ்டரிடம் கொடுத்து, மொத்தப் பட்டியலை வாங்கிவர வேண்டும். அதற்கு டொமைன் மாஸ்டரின் முகவரி தெரிய வேண்டும். கூவிக் கேட்டால் ரவுட்டர் தாண்டாது. வின்ஸ் இருந்தால்தான் தெரியும். வின்ஸ் இல்லையென்றால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். இதுல பெரிய வேடிக்கை, வெறும் ஒர்க்குரூப்பாக இருக்கும் விண்டோஸ் கணினிகளில் டொமைன் மாஸ்டர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. அந்தப் பதவியை ஒர்க்குரூப்பிலும் ஏற்றுக்கொள்ள முன்வந்தது சாம்பாதான்.

நம்பகமாக ஓட வைக்க வேண்டுமென்றால் வழி எளிது. மொத்த நெட்வொர்க்குக்கும் ஒரே ஒரு வின்ஸ் சர்வர். சாம்பாவை வின்ஸாக வைத்தால் இரண்டாவது வைக்கவே கூடாது, ஏனென்றால் இரண்டு பதிவேடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. டிஎச்சிபி ஆப்ஷன் 44 வழியாக எல்லாக் கணினிக்கும் அதன் முகவரி, ஆப்ஷன் 46-இல் 8, அதாவது எச்-நோட். எப்போதும் அணையாத ஒரு சர்வரை டொமைன் மாஸ்டராக்கி, தேர்தலில் அது தோற்காதபடி ஓஎஸ் லெவலை உயர்த்துவது. ரவுட்டரில் யுடிபி 137, 138, டிசிபி 139 திறந்திருப்பது. கொஞ்சம் தள்ளி நின்று பாருங்க: இதெல்லாம் சேர்ந்தால் மைய நிர்வாகம்தானே? எது தேவைப்படக் கூடாது என்று தொடங்கினார்களோ, அது இல்லாமல் பல சப்நெட்டில் ஓட வழியே இல்லை.

"பழைய கதை, இப்ப எதுக்கு?" என்று கேட்கலாம். இரண்டு காரணம்.

ஒன்று பாதுகாப்பு. கூவிக் கேட்கிற கேள்விக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். "அக்கவுண்ட்ஸ் சர்வர் யாரு?" என்று கணினி கேட்க, உள்ளே நுழைந்துவிட்ட திருடன் "நான்தான்" என்றால், அப்பாவிக் கணினி கடவுச்சொல்லிலிருந்து உருவான சான்றை அவனிடமே நீட்டும். அதை வைத்து கடவுச்சொல்லை உடைக்கப் பார்க்கலாம். பட்டியலுக்கும் இதே கதிதான். அது எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது. 2017 மே மாதம் வான்னக்ரை பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாக. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 வராது, கூடவே கம்ப்யூட்டர் பிரவுசர் சேவையும் போய்விட்டது.

இரண்டாவது, வாரிசுகளும் அதே வழியில்தான் நடக்கிறார்கள். 2013-இல் ஆர்எஃப்சி 6762-ஆக வந்த எம்டிஎன்எஸ் எழுத்தில் எவ்வளவோ சுத்தமானது. ஆனால் அது பேசும் 224.0.0.251 முகவரியையும் ரவுட்டர் தாண்டவிடாது. வைஃபையில் இருக்கும் போனுக்கு வேறு சப்நெட்டிலுள்ள பிரிண்டர் ஏன் தெரியவில்லை என்று இன்று கேட்பவர், 1990களில் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார். ஆவாஹியில் ரிஃப்ளெக்டர் போட்டு கூவலை அடுத்த தெருவுக்கு எதிரொலிக்கலாம், ஆனால் சத்தம் இரண்டு மடங்காகும். 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8766, தெருவுக்குள் நடக்கும் கூவலைக் கேட்டு, வெளியே இருப்பவருக்குச் சாதாரண டிஎன்எஸ் வழியாகப் பதில் சொல்லும் இடையாளை வைக்கிறது. எனக்கு இதுதான் நேர்மையான தீர்வாகப் படுகிறது. தெருவுக்குள் தண்டோரா இருக்கட்டும், தெரு தாண்டினால் பதிவேடுதான் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறது.

சின்ன வீட்டு நெட்வொர்க்கில் எதையும் அமைக்காமல் எல்லாம் தெரிவது அருமையான வசதி, அதை நான் குறை சொல்லவில்லை. எல்லை எங்கே என்று திரை சொல்லாமல் விட்டதுதான் குறை. காலியான ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு அது சும்மா இருந்துவிடும். சர்வர் செத்துவிட்டதா, பெயர் கிடைக்கவில்லையா, தேர்தல் இன்னும் முடியவில்லையா என்று பார்ப்பவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது.

அதனால் அடுத்த முறை யாராவது "அந்த சர்வர் தெரியலை" என்றால், பட்டியலைப் பார்த்து முடிவு கட்டாதீங்க. முதலில் ஐபி முகவரியால் போய்ப் பாருங்க, அப்புறம் பெயரால். இரண்டும் வேலை செய்தால் பட்டியலை மறந்துவிட்டு டிரைவை மேப் பண்ணிக் கொடுத்துவிடலாம். ஐபி வேலை செய்து பெயர் மட்டும் வராவிட்டால், அந்தக் கணினி யாரிடம் பெயர் கேட்கிறது என்று பாருங்க. யாரிடமும் கேட்காமல் கூவிக்கொண்டிருந்தால் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.